கிணற்றுக்குத் திரும்பிய தண்ணீர்

சண்டையைச் செவ்வாய்க்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த நேரத்தில் தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெரு நெடுக விரித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நூலை நீவிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் பிள்ளையார்பாளையம் முழுவதும் விழுந்த மாதிரிதான்.

மதனவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓரகத்தி கனகமாலாவோடு குரலை உயர்த்திப் பேசியதில்லை. இப்போது என்ன சொல்லிச் சண்டை போடுவது என்று இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே யோசித்தார்கள். வாசல் பெருக்காததை வைத்து ஆரம்பிக்கலாம் என்றாள் கனகமாலா. அதற்கு மதனவதி, நான் உங்கள் வீட்டு வேலைக்காரி இல்லை என்று சொல்ல வேண்டும். பிறகு பேச்சு வளர்ந்து, இனிமேல் உன் அடுப்பு வேறு என் அடுப்பு வேறு என்பதில் முடிய வேண்டும். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம் என்று கனகமாலாவின் புருஷன், மூத்தவர் பத்மராஜ், கடைக்குக் கிளம்பும்போது இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார்.

இதையெல்லாம் செய்யச் சொன்னவர் ஆடிட்டர் உமாபதி. கேட்பவர் காதைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருக்கும், அவ்வளவு மெல்லப் பேசுவார். பத்மராஜும் அவர் தம்பி தர்மதாஸும் அப்பா நேமிநாதன் விட்டுப்போன பட்டுக் கடையைச் சேர்ந்தே நடத்தி வந்தார்கள். அண்ணன் கல்லாவில் உட்காருவார். தம்பி சைக்கிளில் தறி தறியாகப் போய்ப் பட்டு நூலும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி வருவார். சர்க்கார் பார்வையில் இந்த இரண்டு பேரும், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் சேர்ந்து ஒரே ஆள். கூட்டுக் குடும்பம் என்றால் இவர்களைப் போன்ற ஜைனர்களுக்கும் இந்துக்களுக்கு உள்ள அதே சட்டம்தான். வருமானம் ஏற ஏற வரியும் படி ஏறிக்கொண்டே போகும். அந்த ஒரே ஆள் உச்சிப் படியில் நின்றுகொண்டிருந்தார். இரண்டாகப் பிரிந்துவிட்டால் இரண்டு பேரும் கீழ்ப்படிக்கு இறங்கி நிம்மதியாக மூச்சு விடலாம் என்றார் உமாபதி.

பத்திரம் எழுதினால் மட்டும் போதாது. சொத்தை உண்மையாகவே அளந்து பிரித்திருக்கிறார்களா என்று அதிகாரி விசாரிப்பார். நம்பிக்கை வந்தால்தான் பிரிந்ததாக உத்தரவு போடுவார். அதுவரைக்கும் இவர்கள் எத்தனை பத்திரம் காட்டினாலும் ஒரே ஆள்தான். அதனால் வீட்டுக்கு நடுவில் சுவர் வேண்டும். இரண்டு ரேஷன் கார்டு வேண்டும், இரண்டு கரண்டு மீட்டர் வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்டால் நாலு பேர் ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

பத்திரத்தில் கடை அண்ணனுக்கு. விற்பனை வரி எண் அவர் பெயரில் இருக்கிறது, அதை மாற்றப் போனால் அந்த இலாகாக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள் என்றார் பத்மராஜ். தம்பிக்கு வீட்டின் மேற்குப் பாதி, தறிக்காரர்களிடம் நிற்கும் முன்பணம், ஓரிக்கையில் ஆற்றங்கரை ஓரமாக இருந்த மணல் நிலம். எழுத்தில் இரண்டு பங்கும் சமம்.

பத்திரம் எழுதிய அன்று மதனவதி புருஷனிடம் கேட்டாள், கடை முழுசும் அவர் பேரிலேயே போகுதே என்று.

தர்மதாஸ் சிரித்தார். "கூத்துல ராஜா வேஷம் கட்டினவனுக்கு நாட்டை எழுதி வெச்சிடுவாங்களா? வேஷம் கலைஞ்சா எல்லாம் பழையபடிதான்மா. உத்தரவு வரட்டும், மறுநாளே சுவரை இடிச்சிடலாம்னு அண்ணன் சொல்லிட்டாரு."

சுவர் எழும்பியது. முற்றத்துக் கிணற்றைப் பிளக்க முடியாதே, அது அண்ணன் பக்கம் போயிற்று. கிணற்றோரம் மட்டும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் செங்கல் வைக்காமல் விட்டார்கள். சோறு ஒரு பக்கம் வெந்தது, குழம்பு மறுபக்கம் கொதித்தது. அந்த இடைவெளி வழியாகப் பாத்திரங்கள் போய் வந்தன. மேற்குப் பாதியில் கட்டிய புது அடுப்படி வெள்ளை வெளேரென்று இருந்தது. புதுசு என்று பார்த்ததும் தெரிந்துவிடும், இது ஆகாது என்று உமாபதி தலையை ஆட்டினார். பிறகு இரண்டு ஓரகத்திகளும் பச்சை விறகைப் போட்டு ஊதி, கண்ணீர் வழிய வழியச் சுவருக்குக் கரி ஏற்றினார்கள். முகமெல்லாம் கரியாகி ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்ததை மதனவதி ரொம்ப நாள் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சண்டை நன்றாகத்தான் ஆரம்பித்தது. கனகமாலா துடைப்பத்தை வாசலில் விட்டெறிந்தாள். மதனவதி வேலைக்காரி வசனத்தைச் சொன்னாள். குரல் கொஞ்சம் பிசிறியது. பாவு நீவிக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. அடுத்து அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் கனகமாலா வேறு ஒன்றைச் சொன்னாள்.

"உம் புருஷன் ஊரு சுத்திக்கினு தறிக்காரனுங்களுக்கு அள்ளி அள்ளி உட்டதெல்லாம் யார் சம்பாத்தியம்? எங்க வீட்டுக்காரர் காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் கல்லாவுல குந்திக்கினு சம்பாரிச்சது. உனுக்கு ஒத்தப் பொண்ணு. எனுக்கு ஆம்பளப் புள்ள இருக்குது. எத்தினி நாளைக்கு நாங்களே இழுத்துக்கினு போறது?"

இது பேசி வைத்ததில் இல்லை. அடுப்பைப் பற்றிய வாக்கியத்தை மதனவதியே சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அன்று இருவரும் இடைவெளி வழியாகச் சந்தித்தபோது கனகமாலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி வந்தது பார்த்தாயா, நான் நாடகத்துக்கே போயிருக்கலாம் என்று சொல்லிச் சிரித்தாள். மதனவதியும் சிரித்தாள். வெறும் வார்த்தைதானே என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு வார்த்தை வாயில் வருவதற்கு முன்னால் எங்கேயாவது இருந்திருக்க வேண்டும் அல்லவா என்ற எண்ணமும் கூடவே வந்தது. அதை ஈரக் கையைத் துடைப்பது போலத் துடைத்துவிட்டாள்.

விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் எந்த நாளும் வரலாம் என்று தகவல் கிடைத்ததும், பத்மராஜ் கொத்தனாரைக் கூட்டிவந்து அந்த இடைவெளியையும் அடைத்துவிட்டார். இனி யார் கேட்டாலும் தண்ணீர் தெருக் குழாயில் பிடிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் மதனவதி குடத்தோடு தெருவைச் சுற்றி அண்ணன் வீட்டு வாசல் வழியாகப் போய், கிணற்றில் இறைத்து, அதே வழியாகத் திரும்பி வந்தாள்.

அவர்கள் வீட்டில் தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதில்லை. கெட்டித் துணியை இரண்டாக மடித்துப் பானை வாயில் கட்டி அதன் வழியாக ஊற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் துணியில் தங்கும். அவை செத்துப் போகக் கூடாது. அதனால் துணியைத் திருப்பிப் பிடித்து வடித்த தண்ணீரை ஊற்றி அலசி, அந்த அலசிய தண்ணீரை எடுத்த கிணற்றிலேயே கொண்டுபோய் விட வேண்டும். வேறு கிணற்றில் விடக் கூடாது. ஒரு நீரில் பிறந்தது வேறு நீரில் வாழாது என்பார்கள். இதை மதனவதிக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. நடக்கக் கற்றதைப் போல அதுவாகவே வந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார். வெளியூர்க்காரர், கையில் குடை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற குடும்பம் என்பதால் இரண்டு அடுப்பிலும் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கரி பிடித்த சுவரைத் தொட்டுப் பார்த்தார். ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தர்மதாஸிடமும் உமாபதியிடமும் ஏதேதோ கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. ரொம்பச் சரியாக இருந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. மேற்குப் பாதியில் கிணறு இல்லையே, தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்றார்.

குழாய் என்று தர்மதாஸ் சொன்னார்.

அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மதனவதி கிணற்றுத் தண்ணீரை வடித்து முடித்திருந்தாள். அலசிய தண்ணீர் சின்னச் செம்பில் இருந்தது. காத்திருந்தால் அதில் இருப்பவை சாகும். அவள் யோசிக்கவில்லை. கால் தானாக நடந்தது. செம்பை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, பாதி தூரம் போன பிறகுதான் பின்னால் குடை தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தர்மதாஸ், முகத்தில் ரத்தமே இல்லாமல்.

நிற்பதா, போவதா என்று ஒரு கணம் தடுமாறினாள். பிறகு போனாள். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்து, செம்பைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கி, நீர்மட்டம் தொட்டதும் கயிற்றைச் சுண்டிக் கவிழ்த்தாள். கூடத்தில் இருந்த பத்மராஜ் எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். கனகமாலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இது என்னம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மதனவதிக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை. "இன்னிக்குக் குழாய்ல தண்ணி வரலைங்க. இவங்க கிணத்துல ஒரு கொடம் எடுத்தோம். துணியில தங்கினது இவங்க தண்ணியோடதுதானே. அதை நாங்க வெச்சிக்கக் கூடாது. திருப்பி ஊத்திடணும்."

அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து உமாபதி வந்தார். அன்றைக்கு மட்டும் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. இன்ஸ்பெக்டர் தன் அறிக்கையில் எழுதியிருந்தாராம்: துணி அலசிய நீரைக்கூட இன்னாருடையது என்று திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு இந்தக் குடும்பம் பிரிந்திருக்கிறது, இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை. பத்மராஜ் வாய்விட்டுச் சிரித்தார். தம்பி பெண்டாட்டியைப் பார்த்து, பத்து வக்கீல் செய்ய முடியாததை ஒரு செம்புத் தண்ணீரில் செய்துவிட்டாய் அம்மா என்றார். கனகமாலா அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விரல்களைச் சொடுக்கினாள். மதனவதிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தான் பொய் சொல்லவில்லை என்பது கூடுதல் சந்தோஷம்.

பொய் சொல்ல வேண்டிய முறை தர்மதாஸுக்கு வந்தது. வருமானவரி ஆபீஸில் அவரைச் சத்தியப் பிரமாணம் செய்ய வைத்துக் கேட்டார்கள். உமக்குச் சேர வேண்டிய பங்கு முழுவதும் வந்துவிட்டதா? வந்துவிட்டது. குடும்பச் சொத்தில், கடையில், இனி உமக்கு ஏதாவது பாத்தியதை உண்டா? இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர் வீட்டுக்கு வராமல், சைக்கிளை மிதித்துத் திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோயிலுக்குப் போனார். பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பினார். அதனால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. கிடைத்திருந்தாலும் சாப்பிட்டிருக்க மாட்டார். அண்ணனிடம் போய், சத்தியம் செய்து பொய் சொல்லிவிட்டேனே என்று கண் கலங்கினார். பத்மராஜ் அவர் தோளில் கை போட்டு, எல்லாம் குடும்பத்துக்காகத்தானே, பாவம் இருந்தால் நான் பாதி வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

உத்தரவு வந்தது. பால் பாயசம் வைத்தார்கள். மறுநாள் சுவரை இடிக்கவில்லை. வந்த கையோடு இடித்தால் சந்தேகப்படுவார்கள், ஒரு வருஷம் போகட்டும் என்றார் பத்மராஜ். அதில் நியாயம் இருந்தது. ஒரு வருஷம் போயிற்று. பழைய கணக்கைத் திறந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டாம், இன்னொரு வருஷம் போகட்டும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

அந்த இரண்டு வருஷத்தில் சின்னச் சின்னதாக மாறிக்கொண்டு வந்தது. தர்மதாஸ் தறியிலிருந்து கொண்டுவரும் சேலைக்குக் கடையில் பில் கேட்டார்கள். இப்போது இரண்டு பேரும் வேறு வேறு வியாபாரி அல்லவா, கணக்குக்கு வேண்டும். பில் போடுவதற்காக அவர் கல்லாவுக்கு இந்தப் பக்கம், வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றார். பிறகு விலையில் பேரம் வந்தது. நூல் விலை ஏறிய வருஷம் தறிக்காரர்கள் சிலர் நெசவாளர் கூட்டுறவு சொசைட்டிக்குப் போய்விட்டார்கள். முன்பணம் அவர்களோடு போயிற்று. பத்திரத்தில் சமமாக இருந்த பங்கு கையில் சமமாக இல்லை. ஓரிக்கை மணலில் எருக்கு முளைத்தது. மதனவதி ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் புருஷன் சொல்லும் பதில் ஒன்றுதான். வேஷம் கலையட்டும்.

மூத்தவர் மகன் மெட்ராஸில் படிப்பை முடித்துவிட்டு வந்தான். அந்த மாதமே கடைக்குப் புதுப் பலகை வந்தது. நேமிநாதன் பெயர் இருந்த இடத்தில், பத்மராஜ் அண்டு சன் என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு மதனவதி புருஷனைத் தனியாக விடவில்லை. இருவரும் தெருவைச் சுற்றிப் போனார்கள். பத்மராஜ் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வா தாசு என்றார், உட்காரச் சொன்னார். தர்மதாஸ் நின்றபடியே கேட்டார்.

"பலகையில அப்பா பேரைக் காணோமேண்ணா."

"இருந்தா ஆபீஸ்ல கேக்கறான்பா. பிரிஞ்ச அப்புறம் எதுக்குக் குடும்பப் பேருன்னு."

"சரி. சுவரை எப்ப இடிக்கிறது?"

பத்மராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "எதுக்கு இடிக்கணும்?"

"அண்ணா, அது சும்மா எழுத்துக்குன்னு..."

"எழுத்துக்குன்னு நான் சொன்னேன். நீ எங்க போய் என்ன சொன்னே? ஆபீசருக்கு முன்னால சத்தியம் பண்ணி, முழுசும் வந்துடிச்சு, இனிமே ஒண்ணுமில்லேன்னு கையெழுத்துப் போட்டே. அதுக்கு நானா கையைப் புடிச்சேன்?" அவர் குரலில் கோபம் இல்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "சத்தியம் பண்ணிப் பொய் சொல்லிட்டேன்னு அன்னிக்கி எங்கிட்ட வந்து அழுதியே தாசு. இப்ப அது பொய்யில்ல. நீ சொன்னதெல்லாம் நெசமாப் போச்சு. உன் பாவம் கழிஞ்சுதுப்பா. இன்னும் என்ன?"

தர்மதாஸ் அடி விழுந்தது எங்கே என்று தெரியாதவர் போலத் தன் சட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். கனகமாலா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மதனவதி அவள் முகத்தைத் தேடினாள். அவள் தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

தர்மதாஸ் உமாபதியிடம் போனார். அவர் மெல்லப் பேசினார், காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. கோர்ட்டுக்குப் போகலாம். போனால் பிரிவினை நாடகம் என்று நீங்களே சொல்ல வேண்டும். சொன்னால் பொய்ப் பிரமாணத்துக்கு உங்கள் மேல் வழக்கு வரும், விட்டுப்போன வரி அபராதத்தோடு வரும். கடை இருப்பவர் எப்படியாவது கட்டிவிடுவார். நீங்கள் எதை வைத்துக் கட்டுவீர்கள்? சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? தெருவே உங்கள் வீட்டுச் சண்டையைக் கேட்டிருக்கிறது. இன்ஸ்பெக்டர் உங்கள் வீட்டம்மா செய்ததைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். அதைவிடப் பெரிய ஆதாரம் இந்த ஊரில் கிடையாது.

புருஷன் இதைச் சொல்லும்போது மதனவதி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆபீஸில் புருஷன் சத்தியம் செய்து சொன்னது பொய். இன்ஸ்பெக்டரிடம் அவள் சொன்னது உண்மை. இரண்டும் சேர்ந்துதான் கதவைச் சாத்தியிருந்தன. அதிலும் அவளுடைய உண்மைதான் தாழ்ப்பாள்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போலக் குடத்தோடு தெருவைச் சுற்றிப் போனாள். மூத்தவர் வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. கனகமாலா நடுவில் நின்றாள்.

"இனிமே குழாய்லயே புடிச்சிக்கோ மதனா" என்றாள். ரொம்ப மெல்லச் சொன்னாள். "அவரு சொல்றாரு. ஆபீஸ்காரங்க எப்ப வருவாங்க, எப்பப் பாப்பாங்கன்னு தெரியாதாம். உனக்கும் நல்லதில்லையாம்."

"நேத்து எடுத்த தண்ணிய இப்பதான் வடிச்சேன், அதோடது இருக்குதுக்கா" என்று மதனவதி இடுப்பில் குடத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த செம்பைக் காட்டினாள்.

கனகமாலா கையை நீட்டிச் செம்பை வாங்கிக்கொண்டாள். உள்ளே போனாள். கயிறு உருளையில் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து வெறும் செம்பைக் கொடுத்தாள். கண் ஈரமாக இருந்தது. பிறகு கதவைச் சாத்தினாள்.

தெருவில் பாவு விரித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நூலை நீவிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு இது பழைய செய்தி. இவர்கள் பிரிந்துதான் இரண்டு வருஷமாயிற்றே.

தெருமுனைக் குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வந்தது. மதனவதி வரிசையில் நின்று பிடித்துக்கொண்டு வந்தாள். பானை வாயில் துணியைக் கட்டி வடித்தாள். துணியைத் திருப்பிப் பிடித்து அலசினாள். செம்பு நிறைந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். படியில் ஒரு காலை இறக்கிய பிறகுதான் நின்றாள்.

குழாய் திருப்பி வாங்கிக்கொள்ளாது. இந்தத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே தர்மதாஸ் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன அங்கேயே நின்றுவிட்டாய் என்று கேட்டார். செம்பில் ஒன்றும் தெரியவில்லை, தெளிவாக இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் படியிலேயே நின்றாள்.